ஃபிடே, லிசெஸ், போர்டு கேம் அரீனா: எந்த ரேட்டிங்கை எதற்கு நம்பலாம்?

செஸ் போட்டி நடக்கும் எந்த மண்டபத்தின் வாசலில் நின்றாலும் இந்தக் கேள்வி காதில் விழும்: "உங்க பையன் ரேட்டிங் எவ்வளவு?" பதில் "1700" என்று வரும். ரேட்டிங் என்பது ஆட்டத்திறனைக் காட்டும் எண். எங்கே 1700 என்று கேட்காவிட்டால் அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் ஸ்டாண்டர்டில் (நீண்ட நேர ஆட்டம்) 1700 ஒரு ரகம், லிசெஸ் என்ற இணையதளத்தின் பிளிட்ஸில் (மின்னல் வேக ஆட்டம்) 1700 வேறு ரகம், செஸ்.காம் தளத்தின் ரேபிடில் (இரண்டுக்கும் நடுவேகம்) 1700 இன்னொரு ரகம். முழமும் கஜமும் மீட்டரும் போல இவை தனித்தனி அளவுகோல்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற நிலையான சூத்திரமும் கிடையாது.

ரேட்டிங் தரும் சேவைகளை மதிப்பிட நான் வைத்திருக்கும் உரைகல் எளியது. அடுத்த ஆட்டத்தின் முடிவை அந்த எண் எவ்வளவு சரியாகக் கணிக்கிறது? போதிய தகவல் கையில் இல்லாதபோது "எனக்கு இன்னும் தெரியவில்லை" என்று ஒப்புக்கொள்கிறதா? கவர்ச்சியான வரைபடம், பேட்ஜ், தரவரிசைப் பட்டியல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அடியில் இருக்கும் கணக்கு

இங்கே பேசப்போகும் முறைகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் ஒருவரே: அர்பாட் எலோ. ஹங்கேரியில் பிறந்து, அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் உள்ள மார்க்வெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்தவர். அவருடைய முறையை அமெரிக்க செஸ் கூட்டமைப்பு 1960-லும் ஃபிடே 1970-லும் ஏற்றுக்கொண்டன. "எலோ" அவருடைய பெயர். அது எதன் சுருக்கமும் இல்லை.

கணக்கு இரண்டு படிகள்தான். முதல் படியில், இருவரின் ரேட்டிங் வித்தியாசத்திலிருந்து எதிர்பார்க்கும் புள்ளியை எடுக்க வேண்டும். ஃபிடே அட்டவணைப்படி வித்தியாசம் இல்லையென்றால் ஆட்டத்துக்கு 0.50. 100 என்றால் மேலே இருப்பவருக்கு 0.64, 200 என்றால் 0.76, 400 என்றால் 0.92. இரண்டாவது படியில், எடுத்த புள்ளியிலிருந்து எதிர்பார்த்த புள்ளியைக் கழித்து, அதைக் "கே" என்ற எண்ணால் பெருக்க வேண்டும். வருவதுதான் ஏற்றம் அல்லது இறக்கம்.

0.76 என்பதை 76 சதவீத வெற்றி வாய்ப்பு என்று படிப்பது அடிக்கடி நடக்கும் தவறு. அதில் டிராவும் சேர்த்தி. நூறு ஆட்டத்தில் 60 வெற்றி, 32 டிரா, 8 தோல்வி என்றாலும் அது 0.76-தான்.

இந்தக் கணிப்பு எவ்வளவு பிடிக்கிறது என்பதற்கு ஊரறிந்த எடுத்துக்காட்டு ஒன்று. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் முடிந்த உலக சாம்பியன்ஷிப்பில் குகேஷின் ரேட்டிங் 2783, டிங் லிரெனுடையது 2728. வித்தியாசம் 55, அட்டவணையில் 0.58. 14 ஆட்டத்துக்கு 8.1 புள்ளி வர வேண்டும். குகேஷ் எடுத்தது 7.5. கடைசி ஆட்டம் வரை இழுபறியாகப் போன போட்டியில் எண் சொன்னதற்கும் நடந்ததற்கும் இடைவெளி அரைப் புள்ளியைக் கொஞ்சம் தாண்டியதுதான். அத்தனை பேர் "டிங் ஃபார்மில் இல்லை, குகேஷ் ஊதித் தள்ளிவிடுவார்" என்று பேசியபோது ரேட்டிங் நிதானமாகத்தான் பேசியது.

ஃபிடே: ஆட்கள் தரமானவர்கள், கணக்கு கரடுமுரடு

ஃபிடேயின் பெரிய பலம் அதன் ஆட்கூட்டம். நேருக்கு நேர் உட்கார்ந்து, ஆர்பிட்டர் எனும் நடுவரின் கண்காணிப்பில், ஒவ்வொரு நகர்த்தலையும் எழுதி ஆடிய ஆட்டங்கள் மட்டுமே ஸ்டாண்டர்ட் பட்டியலுக்குள் போகின்றன. நேரக் கட்டுப்பாடும் கறார். இருவரில் ஒருவர் 2400 அல்லது அதற்கு மேல் என்றால் ஒவ்வொருவருக்கும் 60 நகர்த்தலுக்குக் குறைந்தது 120 நிமிடம், 1800-க்கு மேல் என்றால் 90 நிமிடம், இருவரும் 1800-க்குக் கீழ் என்றால் 60 நிமிடம். ரேபிடுக்கும் பிளிட்ஸுக்கும் 2012 முதல் தனிப் பட்டியல்கள். பட்டியல் மாதம் ஒருமுறை வருவதும் அதே ஆண்டு ஜூலையிலிருந்துதான்.

கே மதிப்பு ஆளுக்கு ஆள் மாறும். புதியவருக்கு 30 ஆட்டம் முடியும் வரை 40. 18 வயது நிறையும் ஆண்டின் இறுதி வரை, ரேட்டிங் 2300-க்குக் கீழே இருந்தால், அதே 40. மற்றவர்களுக்கு 20. ஒருமுறை 2400-ஐத் தொட்டுவிட்டால் 10. பிறகு கீழே இறங்கினாலும் அந்த 10 மாறாது.

ஒரு ஒன்பது ரவுண்டு ஓபன் போட்டியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆடுபவர் பள்ளி மாணவி, ரேட்டிங் 1600, கே 40.

முதல் ரவுண்டில் 2050 ரேட்டிங் உள்ளவரிடம் தோல்வி. வித்தியாசம் 450, ஆனால் 400-க்கு மேல் போனால் 400 என்றே எடுப்பார்கள். எதிர்பார்ப்பு 0.08, ஆகவே மைனஸ் 0.08. இரண்டாவதில் 1450-ஐ வென்றதற்கு பிளஸ் 0.30. மூன்றாவதில் 1806-உடன் டிரா, பிளஸ் 0.26. நான்காவதில் 1700-ஐ வென்றதற்கு பிளஸ் 0.64. ஐந்தாவதில் 1900-இடம் தோற்றதற்கு மைனஸ் 0.15. ஆறாவது ரவுண்டில் ரேட்டிங் இல்லாதவரை வென்றார். போட்டிப் பட்டியலில் ஒரு புள்ளி உண்டு, ரேட்டிங்கில் ஒன்றுமில்லை. ஏழாவதில் 1550-உடன் டிரா, மைனஸ் 0.07. எட்டாவதில் 1750-ஐ வென்றதற்கு பிளஸ் 0.70. கடைசியில் 1800-இடம் தோற்றதற்கு மைனஸ் 0.24. கூட்டினால் பிளஸ் 1.36. அதை 40-ஆல் பெருக்கினால் 54.4. ஒன்பதுக்கு ஐந்து புள்ளி என்ற சாதாரணமான முடிவுக்கு 54 புள்ளி ஏற்றம். இதே முடிவை 30 வயது வீரர் ஒருவர் எடுத்திருந்தால் கே 20, ஏற்றம் 27-தான்.

டிரா செய்தும் ரேட்டிங் குறைவது பல பெற்றோருக்குப் புரிவதில்லை. ஏழாவது ரவுண்டு அதற்கு விடை. தன்னைவிடக் கீழே இருப்பவரிடம் டிரா செய்தால், எதிர்பார்த்த 0.57-க்குப் பதில் 0.50 கிடைக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

பலர் கவனிக்காத விதி இன்னொன்று. ஒரு மாதப் பட்டியலுக்குள் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையைக் கேயால் பெருக்கி வருவது 700-ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால் கே குறையும். கே 40 உள்ள சிறுவன் கோடை விடுமுறையில் ஒரே மாதத்தில் மூன்று ஒன்பது ரவுண்டுப் போட்டிகளில் 27 ரேட்டட் ஆட்டம் ஆடினால், அவனுக்குக் கே 25 ஆகிவிடும். மூன்று போட்டிக்குமே மாதத் தொடக்கப் பட்டியலில் இருந்த பழைய எண்தான் அடிப்படை. "மூன்றிலும் நன்றாக ஆடினான், ஏன் இவ்வளவு குறைவாக ஏறியிருக்கிறது?" என்ற புகாரில் பாதி இங்கேதான் முடிகிறது. சந்தேகம் இருந்தால் ஃபிடே தளத்தில் வீரரின் பக்கத்தில் உள்ள கணக்கு விவரத்தைத் திறந்தால் போதும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எதிராளியின் ரேட்டிங், முடிவு, கே எல்லாம் வரிவரியாக இருக்கும்.

முதல் ரேட்டிங் வாங்கும் வழி 2024 மார்ச் முதல் மாறியிருக்கிறது. ரேட்டிங் உள்ள ஐந்து பேரிடமாவது ஆடியிருக்க வேண்டும். அந்த எதிராளிகளின் ரேட்டிங்கோடு 1800 ரேட்டிங் உள்ள இரண்டு கற்பனை எதிராளிகளைச் சேர்த்து, அவர்களோடு டிரா செய்ததாக வைத்துக் கணக்கிடுகிறார்கள். சராசரி 1600 உள்ள ஐந்து பேரிடம் இரண்டரை எடுத்தவருக்கு, கற்பனை ஆட்கள் சேர்ந்ததும் சராசரி 1657, புள்ளி ஏழுக்கு மூன்றரை. அது சரிபாதி என்பதால் ரேட்டிங் 1657. ஐந்து ஆட்டத்தை மட்டும் வைத்து ஒருவரைப் பள்ளத்தில் தள்ளாமலிருக்க இது நல்ல ஏற்பாடு. முதல் போட்டியில் ஒரு புள்ளிகூட எடுக்காவிட்டால் அந்த முடிவு கணக்கில் சேராது. அதையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

இந்த மாற்றங்கள் வந்ததற்கு ஆழமான காரணம் உண்டு. அது தமிழ்நாட்டு வீரர்களை நேரடியாகத் தொடும் காரணம். எலோவில் புள்ளிகள் கைமாறும் சரக்கு. ஒருவர் ஏற, இன்னொருவர் இறங்க வேண்டும். ஒரே வட்டாரத்துக் குழந்தைகள் தங்களுக்குள்ளேயே ஆடி, எல்லோரும் ஒன்றாகத் திறமை கூடினால் எண் யாருக்கும் ஏறாது. இருக்கிற புள்ளிதான் அவர்களுக்குள் சுற்றிச்சுற்றி வரும். 2020, 2021-இல் நேரடிப் போட்டிகள் நின்றுபோன காலத்தில் சிறுவர்கள் இணையத்தில் ஆடி வளர்ந்துவிட்டார்கள். ஃபிடே எண் மட்டும் அங்கேயே நின்றது. 1300 என்று எழுதியிருக்கும் பன்னிரண்டு வயதுக்காரர் 1800 பலத்தில் ஆடினால், எதிரே உட்காரும் பெரியவருக்கு அது அநியாய இழப்பு.

குழந்தைகளுக்குக் கே 40 வைத்திருப்பதற்கு நியாயமும் இங்கேதான் இருக்கிறது. கே 40 உள்ள 1700 சிறுமி, கே 20 உள்ள 1900 பெரியவரை வென்றால் சிறுமிக்கு 30.4 ஏறும், பெரியவருக்கு 15.2-தான் இறங்கும். மீதி 15.2 புள்ளி புதிதாகப் பிறக்கிறது. வட்டாரத்துக்குள் புதுச் சரக்கு வரும் வாசல் இதுதான். அதுவும் போதாமல் போனதால்தான், புள்ளிவிவர ஆய்வாளர் ஜெஃப் சோனாஸின் பரிந்துரையை ஒட்டி, 2024 மார்ச்சில் 2000-க்குக் கீழே இருந்த எல்லோருக்கும் ஒரேயடியாக உயர்வு தந்தார்கள். 2000-க்கும் தன் ரேட்டிங்குக்கும் உள்ள வித்தியாசத்தில் 40 சதவீதம் கூட்டப்பட்டது. 1000 என்றிருந்தவர் 1400 ஆனார், 1500 இருந்தவர் 1700, 1800 இருந்தவர் 1880. பட்டியலின் அடித்தளமும் 1000-இலிருந்து 1400-க்கு உயர்ந்தது. எனவே 2024-க்கு முந்தைய 1500-ஐயும் பிந்தைய 1500-ஐயும் பக்கத்தில் வைத்து "முன்னேற்றமே இல்லை" என்று ஒரு குழந்தையைத் திட்டுவது தவறு.

குறை எங்கே? ஃபிடேக்குத் தன் சந்தேகத்தைச் சொல்லத் தெரியாது. போன மாதம் 40 ஆட்டம் ஆடியவரின் 1850-ம், ஆறு வருடம் காய் தொடாதவரின் 1850-ம் பட்டியலில் ஒரே மாதிரித்தான் அச்சாகின்றன. ஒரு வருடம் ரேட்டட் ஆட்டம் ஆடாவிட்டால் "செயல்படாதவர்" என்று ஒரு குறி விழும், எண் அப்படியே இருக்கும். 400 விதியும் பலமுறை மாறிய விஷயம். 2025 அக்டோபரிலிருந்து 2650-ம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும் அந்த வரம்பு எடுக்கப்பட்டு, உண்மையான வித்தியாசமே கணக்கில் வருகிறது. பலம் குறைந்தவர்களைத் தேடிப்பிடித்து ஆடிப் புள்ளி சேர்ப்பதற்கு அடைத்த ஓட்டை அது. அடைத்தது சரியே.

பட்டத்துக்கு ஆசைப்படுபவருக்கு வேறு வழி கிடையாது. கேண்டிடேட் மாஸ்டருக்கு 2200, ஃபிடே மாஸ்டருக்கு 2300, இன்டர்நேஷனல் மாஸ்டருக்கு நார்ம்களோடு (போட்டிகளில் எட்ட வேண்டிய தகுதி முடிவுகள்) 2400, கிராண்ட்மாஸ்டருக்கு நார்ம்களோடு 2500. இந்த வாசல்களுக்கு லிசெஸ் எண்ணைக் காட்டிப் போக முடியாது.

லிசெஸ்: கணக்கில் முதலிடம்

லிசெஸ் இலவசம், விளம்பரம் இல்லை, மூலநிரலும் திறந்தது. அது பயன்படுத்தும் க்ளிக்கோ-2, எலோவின் பேரப்பிள்ளை மாதிரி. அமெரிக்கப் புள்ளியியலாளர் மார்க் க்ளிக்மன் 1995-இல் க்ளிக்கோவை உருவாக்கினார், பிறகு அதை க்ளிக்கோ-2 ஆக விரித்தார்.

இதில் ஆளுக்கு ஒரு எண் போதாது. ரேட்டிங்கோடு "ஆர்.டி." என்ற விலகல் எண்ணும் ஒட்டிக்கொண்டே வரும். 1850, ஆர்.டி. 50 என்றால் உண்மையான பலம் 1750-க்கும் 1950-க்கும் இடையில் இருக்கும் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். ஆட ஆட ஆர்.டி. சுருங்கும், ஆடாமல் இருந்தால் விரியும். க்ளிக்கோ-2-இல் மூன்றாவதாக ஒரு எண்ணும் உண்டு. ஒருவரின் முடிவுகள் எவ்வளவு தாறுமாறாக இருக்கின்றன என்பதை அது அளக்கும்.

க்ளிக்மன் தன் விளக்கக் குறிப்பிலேயே தரும் எடுத்துக்காட்டைப் பாருங்கள். ஒருவர் 1500, ஆர்.டி. 200. முதல் ஆட்டத்தில் 1400, ஆர்.டி. 30 உள்ளவரை வெல்கிறார். அடுத்து 1550, ஆர்.டி. 100 உள்ளவரிடமும், 1700, ஆர்.டி. 300 உள்ளவரிடமும் தோற்கிறார். புதிய ரேட்டிங் 1464, ஆர்.டி. ஏறத்தாழ 151. இதில் ரசிக்க வேண்டியது மூன்றாவது எதிராளியை. அவருடைய 1700 வெறும் ஊகம் என்பதை 300 என்ற ஆர்.டி. சொல்லிவிடுகிறது. அதனால் அந்தத் தோல்விக்குக் கணக்கு அதிக எடை கொடுப்பதில்லை. எலோவுக்கு இந்த விவேகம் கிடையாது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் எண் வேதவாக்கு என்று எடுத்துக்கொள்ளும்.

லிசெஸில் எல்லோரும் 1500-இல், பெரிய ஆர்.டி.யோடு தொடங்குகிறார்கள். முதல் சில ஆட்டங்களில் எண் நூறு நூறாகத் துள்ளும். பயப்பட வேண்டியதில்லை, தேடிக்கொண்டிருக்கிறது. ஆர்.டி. 110-க்கு மேல் இருக்கும்வரை ரேட்டிங்குக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி நிற்கும். நீண்ட நாள் ஆடாமலிருந்தால் அது திரும்பவும் வரும். இந்தச் சின்னக் கேள்விக்குறிதான் இந்தச் சேவையின் மிகச் சிறந்த அம்சம் என்பேன். தன் ஆர்.டி. எவ்வளவு என்று பார்க்க, புரொஃபைலில் பிளிட்ஸ் அல்லது ரேபிட் எண்ணைத் தட்டினால் வரும் புள்ளிவிவரப் பக்கத்தில் இருக்கிறது. 45-க்குப் பக்கத்தில் இருந்தால் நிலையான எண்.

சிக்கல் தரும் இடம் நேர வகைப்பாடு. லிசெஸ் ஆட்டத்தின் நீளத்தைத் தொடக்க நேரம் கூட்டல் 40 மடங்கு இன்கிரிமென்ட் (ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடும் விநாடி) என்று எடுக்கிறது. 180 விநாடியிலிருந்து 480-க்குக் கீழே வரை பிளிட்ஸ், 1500-க்குக் கீழே ரேபிட், அதற்கு மேல் கிளாசிக்கல். 3 நிமிடம், 2 விநாடி என்றால் 260, அது பிளிட்ஸ். 5 நிமிடம், 5 விநாடி என்றால் 500, ஆகவே ரேபிட். பெயரைப் பார்த்து பிளிட்ஸ் என்று நினைத்து ஆடிவிட்டு, ரேபிட் எண் ஏன் இறங்கியது என்று குழம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

லிசெஸ் எண்ணை ஃபிடேயோடு ஒப்பிடும்போது, குறிப்பாகக் கீழ்மட்டத்தில், லிசெஸ் உயரமாகத் தெரியும். நேற்றுக் காய் நகர்த்தக் கற்றவரும் 1500-இல் நுழைந்து, இறங்கும்போது தன் புள்ளிகளை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவதால் ஒட்டுமொத்தக் கூட்டமும் 1500-ஐச் சுற்றி நிற்கிறது. இது குறை இல்லை. தன் குளத்துக்குள் அளவு சரியாகவே இருக்கிறது. பக்கத்துக் குளத்தின் ஆழத்தை அதை வைத்துச் சொல்லக்கூடாது, அவ்வளவே.

செஸ்.காம் பழைய க்ளிக்கோவைப் பயன்படுத்துகிறது. சேரும்போது உங்கள் அனுபவத்தைக் கேட்டு, அதற்கேற்ற இடத்தில் தொடங்கவைக்கும். புதியவருக்கு இது லிசெஸைவிட இதமான வாசல், தொடர்ந்து பத்து ஆட்டம் அடிவாங்க வேண்டாம். ஆனால் ஒருவரின் எண் எவ்வளவு உறுதியானது என்பதை முகப்பிலேயே சொல்லும் விஷயத்தில் லிசெஸின் கேள்விக்குறிக்குப் பக்கத்தில் வரவில்லை.

நான்கு பேர் மேசையில் என்ன செய்வது?

எலோவும் க்ளிக்கோவும் இருவர் ஆட்டத்துக்குப் பிறந்தவை. நான்கு பேர் உட்காரும் போர்டு கேமில் யார் யாரை வென்றார்கள்? போர்டு கேம் அரீனா என்ற இணையதளம் எளிய வழி எடுக்கிறது. மேசையில் இருக்கும் ஒவ்வொரு ஜோடியையும் தனி ஆட்டமாக வைத்து எலோ போடுகிறது. முதலிடம் வந்தவர் மூவரை வென்றார், இரண்டாமவர் ஒருவரிடம் தோற்று இருவரை வென்றார், இப்படி. ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனி ரேட்டிங் என்பதும் சரியான முடிவு. கேட்டான் என்ற போர்டு கேமில் கெட்டிக்காரர் கார்கஸோன் என்ற இன்னொன்றில் கெட்டிக்காரராக இருக்க வேண்டியதில்லை.

ஆனால் ஜோடிக் கணக்கு ஆட்டத்தின் குணத்தையே கொஞ்சம் மாற்றிவிடும். ஜெயிக்க முடியாது என்று தெரிந்தவர், மூன்றாமிடத்தைக் காப்பாற்ற ஆடத் தொடங்குவார். முதலிடத்துக்குத் துணிந்து பாய்ந்து நாலாமிடம் விழுவதைவிட, இரண்டாமிடத்தில் ஒதுங்குவது எண்ணுக்கு நல்லது. முதலிடம் மட்டுமே வெற்றி என்ற உணர்வோடு வடிவமைத்த விளையாட்டில் இது உறுத்தும். பாதியில் எழுந்து போகிறவர்களைக் கவனிக்க "கர்மா" என்று தனி எண் வைத்திருக்கிறார்கள். மேசையில் சேரும் முன் எலோவைவிட அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

இதைவிட நுட்பமானது மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் எக்ஸ்பாக்ஸ் ஆட்டங்களுக்காக உருவாக்கிய ட்ரூஸ்கில். பலர் ஆட்டம், அணி ஆட்டம் இரண்டையும் இயல்பாகவே கையாளும். எல்லோரும் 25-இல் தொடங்குவார்கள், சந்தேக அளவு 8.33. காட்டும் எண்ணோ 25-இலிருந்து அந்தச் சந்தேகத்தின் மூன்று மடங்கைக் கழித்தது, அதாவது பூச்சியம். நிரூபித்த பிறகுதான் எண் ஏறும். ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்துப் பட்டியல் உச்சியில் போய் உட்கார முடியாது. போர்டு கேம் குழுக்களுக்குக் கணக்களவில் இதுவே மிகப் பொருத்தம். ஆனால் ஒரு சாதாரண விரிதாளில் போட முடியாது, நிரல் எழுதத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

பகடை கலந்தால்

அதிர்ஷ்டம் உள்ள ஆட்டத்தில் செஸ் அட்டவணையை அப்படியே ஒட்டினால் எண் பொய் சொல்லும். இதை அழகாகத் தீர்த்தது ஃபிப்ஸ் என்ற பழைய இணையப் பேக்கமன் (பகடை உருட்டிக் காய் நகர்த்தும் ஆட்டம்) சேவையகம். அதன் சூத்திரத்தில் ரேட்டிங் வித்தியாசத்தோடு மேட்ச் எத்தனை புள்ளிக்கு என்பதன் வர்க்கமூலமும் பெருக்கப்படுகிறது. 200 முன்னிலை உள்ளவருக்கு ஒரு புள்ளி மேட்ச்சில் வெற்றி வாய்ப்பு 56 சதவீதம்தான். ஒன்பது புள்ளி மேட்ச்சில் 67. இருபத்தைந்து புள்ளிக்கு ஆடினால் 76. பகடையின் தயவு தணிந்து, செஸ்ஸில் 200 வித்தியாசம் தருகிற இடத்துக்கு வந்துசேர இவ்வளவு நீள மேட்ச் தேவைப்படுகிறது. அதிர்ஷ்டத்தைக் குறை சொல்லாமல், அளந்து கணக்கில் சேர்த்த வடிவமைப்பு இது. சீட்டாட்டத்துக்கோ பகடை ஆட்டத்துக்கோ ரேட்டிங் வைக்க நினைப்பவர் முதலில் படிக்க வேண்டியது இந்தச் சூத்திரத்தைத்தான்.

எண்ணுக்குப் பரிசு கட்டினால்

மேஜிக் த கேதரிங் சீட்டாட்டத்தின் போட்டி அமைப்பான டி.சி.ஐ. தந்த ரேட்டிங் ஒரு நல்ல பாடம். 1600-இல் தொடங்கும் நேரான எலோ, பெரிய போட்டிக்குப் பெரிய கே. கணக்கில் பழுதில்லை. ஆனால் உயர் ரேட்டிங்குக்குப் பெரிய போட்டிகளுக்கான அழைப்பும், முதல் சில ரவுண்டுகளில் ஆடாமலே வெற்றி தரும் "பை" சலுகையும் கிடைத்தன. விளைவு, தேவையான எண்ணை எட்டியவர்கள் தேதி தாண்டும்வரை ஆடாமலே இருந்தார்கள். உள்ளூர்க் கடையில் வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு வந்து புதியவர் ஒருவரிடம் தோற்றால் அழைப்பு போய்விடும் அல்லவா! 2011-இல் அந்த முறையை எடுத்துவிட்டு, ஆட ஆடச் சேரும் பிளேன்ஸ்வாக்கர் பாயின்ட்ஸைக் கொண்டுவந்தார்கள். அதில் எதிர்ப்பக்கக் கோளாறு: நிறைய ஆடுபவரும் நன்றாக ஆடுபவரும் ஒரே ஏணியில் ஏறினார்கள். பிரிட்ஜ் சீட்டாட்டத்தின் மாஸ்டர்பாயின்ட் முறையும் இந்த இனம்தான். புள்ளி ஏறும், இறங்கவே இறங்காது. அது வாழ்நாள் சாதனைக் கணக்கு. இன்றைக்கு எதிரே உட்கார்ந்தால் யார் ஜெயிப்பார் என்று அதைக் கேட்கக்கூடாது.

சங்கத்துக்கோ நண்பர் குழுவுக்கோ நீங்களே போட

இருபது முப்பது பேர் வாரம் ஒருமுறை கூடும் இடத்துக்கு விரிதாளே போதும். எல்லோருக்கும் 1500 வைத்துத் தொடங்குங்கள். எதிராளியின் ரேட்டிங்கிலிருந்து தன் ரேட்டிங்கைக் கழித்து, 400-ஆல் வகுத்து, 10-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தி, ஒன்றைக் கூட்டி, 1-ஐ அதனால் வகுத்தால் எதிர்பார்ப்பு வந்துவிடும். கே முதல் 15 ஆட்டத்துக்கு 32, பிறகு 16. பத்து ஆட்டம் முடியும்வரை எண்ணைப் பட்டியலில் காட்டாமல் ஒரு கேள்விக்குறி போடுங்கள். லிசெஸிடமிருந்து கடன் வாங்க வேண்டியது அதுதான்.

நான்கு பேர் ஆட்டமென்றால் ஜோடிஜோடியாகப் போட்டு, கேயை எதிராளிகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 1600, 1500, 1500, 1400 என நால்வர். 1500-களில் ஒருவர் முதலிடம், 1600 இரண்டாமிடம், 1400 மூன்றாமிடம், மற்ற 1500 கடைசி. கே 32-ஐ மூன்றால் வகுத்தால் 10.67. முதலிடத்தவருக்குப் பிளஸ் 16, கடைசியானவருக்கு மைனஸ் 16. இரண்டாமிடம் வந்த 1600-க்கு மைனஸ் 0.4, மூன்றாமிடம் வந்த 1400-க்குப் பிளஸ் 0.4. எல்லாம் கூட்டினால் பூச்சியம் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ தவறு. மூன்றால் வகுக்க மறந்தால் முதலிடத்தவர் ஒரே இரவில் 48 ஏறிவிடுவார், இரண்டு வாரத்தில் பட்டியல் கிழிந்துபோகும். இந்தச் சரிபார்ப்பு நால்வருக்கும் ஒரே கே இருக்கும்போதுதான் செல்லும். புதியவர் 32-இலும் பழையவர் 16-இலும் கலந்து ஆடினால் கூட்டல் பூச்சியமாகாது.

ஒரே மாலையில் பல ஆட்டம் நடந்தால், மாலை தொடங்கும்போது இருந்த ரேட்டிங்கையே எல்லா ஆட்டத்துக்கும் வையுங்கள். இல்லாவிட்டால் யார் ஆட்டம் முதலில் பதிவானது என்பதைப் பொறுத்து எண் மாறும், சண்டை வரும். ரேட்டிங்கை மட்டும் சேமிக்காமல் தேதி, ஆடியவர்கள், முடிவு மூன்றையும் தனித் தாளில் வரிசையாக எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்துக் கே தவறு என்று தெரிந்தால், அந்தத் தாளிலிருந்து முதல் நாள் தொட்டு மறுபடி ஓட்டிக்கொள்ளலாம்.